காருக்குத் திறந்த கதவு

2009-ஆம் ஆண்டு உலகமே பண நெருக்கடியில் தள்ளாடிற்று. கார் தொழில் படுத்துவிடுமோ என்று அஞ்சிய ஜெர்மன் சர்க்கார் ஒரு சலுகையை அறிவித்தது: ஒன்பது ஆண்டு ஓடிய பழைய காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்கினால் 2,500 யூரோ மானியம்! விடுவார்களா மக்கள்? கடை கடையாக ஏறினார்கள். வசதி குறைந்தவர்கள் சின்னக் காராகப் பார்த்து வாங்கினார்கள். அப்படி வாங்கிய சின்னக் கார்களிலே ஒன்றின் பெயர் ஐ10. கொரியக் கம்பெனியின் கார்தான்; ஆனால் கொரியாவில் பிறந்ததல்ல. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், நம் தோழர்களின் கையில் பிறந்தது!

அடுத்த ஆண்டே, 2010-ல், ஒரகடத்தில் செய்த நிசான் மைக்ரா எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பா போயிற்று. 2012-ல் அதே ஒரகடத்தில் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனி லாரித் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கே செய்யும் லாரிகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாரம் சுமக்கின்றன. நம்மவர் முடுக்கிய திருகு, நம்மவர் பற்றவைத்த தகடு, நம்மவர் பூசிய வண்ணம், கடல் கடந்து போய் மதிப்பும் மரியாதையும் பெறுகின்றன. பெறட்டும், மகிழ்ச்சி!

ஆனால் அந்தக் காரைச் செய்த கரத்துக்குச் சொந்தக்காரன், தன் சான்றிதழைப் பையிலே வைத்துக்கொண்டு அதே ஜெர்மனியின் கதவைத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கிறது? அதுதான் இன்று நாம் பேச வேண்டிய செய்தி.

காருக்கு எப்படிக் கதவு திறந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1958-லேயே ஜெனிவாவில் கூடிப் பல நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வண்டியின் விளக்கோ, பிரேக்கோ, இருக்கைப் பட்டையோ ஒரு நாட்டில் சோதித்து ஒப்புதல் பெற்றால், ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் அதை மறுபடி சோதிக்காமல் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு மாதிரி தேறினால் போதும். அதே மாதிரியில் செய்த ஆயிரம் வண்டியும் தேறியதாகப் பொருள். ஆயிரத்தையும் நிறுத்திவைத்து, "நீ எந்த ஊர், உன்னைச் செய்த தொழிற்சாலை எங்கள் பட்டியலில் உண்டா?" என்று ஒவ்வொன்றாக விசாரிப்பதில்லை. மனிதனைத்தான் ஒவ்வொருவனாக நிறுத்தி விசாரிக்கிறார்கள்!

கேட்கும் கேள்விகள்

பட்டதாரி போனால் முதற்கேள்வி: நீ படித்த பல்கலைக்கழகம் எங்கள் ஏட்டில் உண்டா? ஜெர்மன் மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் சேர்ந்து நடத்தும் 'அனாபின்' என்ற பட்டியல் இருக்கிறது. உலகத்துக் கல்வி நிலையங்களுக்கெல்லாம் அதிலே குறி போட்டிருக்கிறார்கள். கூட்டல் குறி விழுந்தால் தப்பினான். கழித்தல் குறி விழுந்தால் பட்டம் வெறுங்காகிதம். கூட்டலும் கழித்தலும் சேர்ந்து விழுவதும் உண்டு. அப்போது நிலையத்தின் பெயர் போதாது. அவன் படித்த படிப்பைத் தனியே எடுத்துப் பார்ப்பார்கள். பட்டியலில் விடை கிடைக்காவிட்டால் பான் நகரிலுள்ள நடுவண் அலுவலகத்துக்கு 200 யூரோவுக்கு மேல் கட்டணம் கட்டி, "என் பட்டம் உங்கள் நாட்டுப் படிப்பில் எதற்கு ஒப்பானது?" என்று சீட்டு வாங்க வேண்டும்.

ஐடிஐ படித்த தோழர் போனால் வழி வேறு. 2012 ஏப்ரலில் ஜெர்மனியில் அங்கீகாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. தொழிற்பயிற்சிச் சான்றுகளை ஒப்பிட்டுப் பார்க்க நியூரம்பர்க் நகரில் தொழில் வர்த்தகச் சங்கங்களின் அலுவலகம் ஒன்று ஏற்பட்டது. அங்கே ஒரு ஜெர்மன் இளைஞன் தொழிற்சாலை மெக்கானிக் ஆக மூன்றரை ஆண்டு பயில்கிறான். வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடம், மற்ற நாள் தொழிற்சாலை. நம் ஐடிஐயில் ஃபிட்டர் 2 ஆண்டு, வெல்டர் 1 ஆண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கிறார்கள். முழுதும் ஒப்பு, பாதி ஒப்பு, ஒப்பே இல்லை என்று மூன்றில் ஒரு தீர்ப்பு வரும்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். படித்த காலத்தில் குறை இருந்தால், வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டி அந்தக் குறையை நிரப்பலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மூன்றரை ஆண்டுக்கு இரண்டு ஆண்டு குறைவுதான். ஆனால் ஒரகடத்தில் எட்டு ஆண்டு எந்திரத்தோடு எந்திரமாக நின்றவன் அந்தக் குறையைத் தாண்டிப் போகலாம். அந்த எட்டு ஆண்டையும் அவன் காகிதத்தில் காட்ட முடியுமானால்! இந்த 'முடியுமானால்' என்ற சொல்லில்தான் நம் கதை முழுதும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

தகுதியா, தேவையா?

"அவர்கள் தரத்தைக் காக்கிறார்கள், அதிலே தவறென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தரத்தைச் சோதிப்பதை நாமும் எதிர்க்கவில்லை. பிரேக் பிடிக்காத லாரியை நாமா சாலையில் விடுவோம்? ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தரம் என்ற திரைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் பெயர் தேவை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை ஒப்புக்கொள்வதும் தள்ளுவதும் லண்டனிலிருந்த பொது மருத்துவக் கழகத்தின் கையில் இருந்தது. 1930-ல், இங்கே பயிற்சி போதாது, மேற்பார்வை போதாது என்று சொல்லி அங்கீகாரத்தை நிறுத்தினார்கள். அவமானப்பட்ட இந்திய டாக்டர்கள் குரல் கொடுத்தார்கள். 1933-ல் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் பிறந்தது. நம் பட்டத்தை அளக்க நமக்கென ஓர் அமைப்பு கிடைத்தது. அங்கீகாரமும் பின்னர் திரும்பிற்று.

போர் முடிந்தது. பிரிட்டன் தன் மக்களுக்கெல்லாம் இலவச வைத்தியம் தரத் தேசிய சுகாதாரப் பணியை 1948-ல் அமைத்தது. டாக்டர்கள் போதவில்லை. 1960-களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் இரவுப் பணி பார்த்தவர்கள் அவர்களே. அன்று சென்னையில் வாங்கிய பட்டம் லண்டனில் செல்லுபடியாயிற்று. பிறகு, 1975-ல், அதே கழகம் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை மறுபடி நிறுத்திற்று. வருகிறவர்கள் தேர்வு எழுத வேண்டும் என்றது. ஒரே பட்டம் ஒரு காலத்தில் உயர்ந்தது, இன்னொரு காலத்தில் தாழ்ந்தது. பட்டத்தை எழுதிய மை மாறவில்லை. பார்த்தவர் கண் மாறிற்று!

இன்றைய ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே வயதானவர்கள் பெருகிவிட்டார்கள்; ஓய்வு பெறுவோர் இடத்தை நிரப்ப இளைஞர் போதவில்லை. உடனே சட்டம் இளகுகிறது. 2020 மார்ச்சில் தொழில் தெரிந்தோர் குடியேற்றச் சட்டம். 2022 டிசம்பரில் டில்லியில் இந்தியாவுடன் இடப்பெயர்வு உடன்பாடு. 2024 அக்டோபரில், தொழில் தெரிந்த இந்தியருக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாவை 90,000 ஆக உயர்த்துவதாக அறிவிப்பு. கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவனா? பட்டமே வேண்டாம், அனுபவம் போதும், வா என்கிறார்கள்!

கம்ப்யூட்டர்காரனுக்கு மட்டும் பட்டம் ஏன் வேண்டியதில்லை? அவனுடைய தரத்தைப் பற்றிக் கவலை இல்லையா? உண்டு, ஆனால் அவன்மேல் தேவை அதைவிட அதிகம். தேவை பெரிதானால் கதவு தானே திறக்கும். தேவை சிறுத்தால் பூட்டுக்கு மேல் பூட்டு விழும். ஆகவே, அங்கீகாரம் என்பது கல்விக் கணக்கு மட்டுமல்ல, அது பேரம். பேரத்தில் கையில் சரக்கோடு நிற்பவன் பெறுகிறான். வெறுங்கையோடு நிற்பவன் இழக்கிறான்.

பேரம் பேசினால் வெற்றி உண்டா? உண்டு! 1983 கொடுமைக்குப் பிறகு ஈழத்திலிருந்து கனடா சென்ற நம் உறவினர்களைக் கேளுங்கள். "கனடா நாட்டு அனுபவம் உண்டா?" என்ற ஒரே கேள்வியால் எத்தனையோ நாட்டு எஞ்சினியர்கள் டொரோன்டோவில் டாக்சி ஓட்டினார்கள். அங்கே வேலை கிடைத்தால்தானே அங்கத்திய அனுபவம் கிடைக்கும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால், நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பதல்லவா அது! குடியேறியோர் ஓயாமல் கேட்டார்கள். 2013-ல் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், இந்த நிபந்தனை பாகுபாடு என்று கூறிற்று. 2021-ல் சட்டம் வந்தது. 2023 மே மாதம் ஒன்டாரியோ எஞ்சினியர்களுக்கு உரிமம் தரும் சங்கம் அந்த நிபந்தனையை நீக்கிற்று. கேட்டார்கள், கிடைத்தது. பல ஆண்டு கேட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வீட்டு வாசலில்

அயல்நாட்டுக்காரனைக் குறைகூறிவிட்டு எழுந்துவிட்டால் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம். மறுபாதி நம் வீட்டு வாசலில் கிடக்கிறது.

எஞ்சினியரிங் பட்டங்களைப் பல நாடுகள் ஒன்றுக்கொன்று ஒப்புக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பாயிற்று. நல்லது. ஆனால் எந்தப் பட்டம் அதற்குள் வரும்? தேசிய தரச்சான்று வாரியம் 'முதல் அடுக்கு' என்று ஏற்றுச் சான்றளித்த பாடப்பிரிவு மட்டுமே வரும். பல்கலைக்கழகமும், தானே பாடத்திட்டம் வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியும் முதல் அடுக்கு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி இரண்டாம் அடுக்கு. அங்கே வாங்கிய பட்டத்துக்கு அந்த உடன்பாட்டில் இடமில்லை. சான்றும் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல. பாடப்பிரிவு பாடப்பிரிவாக, சில ஆண்டுகளுக்கு மட்டும் கிடைப்பது. நகையை அடகு வைத்து மகனைக் கல்லூரியில் சேர்க்கும் மாத்தூர்த் தோழருக்கும் படப்பைத் தோழருக்கும் இதை யார் சொன்னார்கள்? கல்லூரி வாசலில் தட்டி வைத்தவர்கள் பஸ் வசதியைச் சொன்னார்கள், விடுதிச் சாப்பாட்டைச் சொன்னார்கள், இதைச் சொன்னார்களா?

டில்லி செய்யும் உடன்பாடுகளையும் பாருங்கள். 2022 ஜூலையில் பிரிட்டனோடு கல்வித் தகுதிகளை ஒப்புக்கொள்ளும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. விழா, வாழ்த்து, படம் எல்லாம் நடந்தன. உள்ளே பார்த்தால் எஞ்சினியரிங், மருத்துவம், நர்சிங், மருந்தாளர் படிப்பு, சட்டம், கட்டிடக்கலை ஆகிய தொழிற்பட்டங்கள் அதில் சேரா! பந்தி போட்டு, இலை போட்டு, சோற்றை மட்டும் மறந்த விருந்து.

பத்திரங்களின் கதை இன்னொன்று. ஒரு நாட்டுச் சான்றிதழில் 'அப்போஸ்டில்' என்ற முத்திரை விழுந்தால் மற்ற நாடுகள் அதை உண்மையென்று ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. அப்போது ஆட்சேபணை தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. கோபம் வருகிறதல்லவா? வரட்டும். ஆனால் போலிச் சான்றிதழ் அடித்து விற்றவர்கள் நம் ஊர்க்காரர்களே என்பதையும் அந்தக் கோபத்தோடு சேர்த்து நினைப்போம். உழைத்துப் படித்தவனின் முத்திரையைக் கறைப்படுத்தியவர்கள் அவர்கள்.

ஒரு துண்டுக் காகிதம்

இப்போது அந்த 'முடியுமானால்' என்ற சொல்லுக்கு வருவோம்.

2024 மார்ச் முதல் ஜெர்மனி ஒரு புது வழியைத் திறந்திருக்கிறது. சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற, குறைந்தது 2 ஆண்டுப் பயிற்சிச் சான்று. கடந்த 5 ஆண்டில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம். குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத சம்பளத்தில் ஒரு வேலை. இவை இருந்தால் டாக்டர், நர்ஸ் போன்ற கட்டுப்பாடுள்ள தொழில் தவிர்த்து, ஜெர்மன் அங்கீகாரச் சீட்டு இல்லாமலே வேலைக்குப் போகலாம். நம் ஃபிட்டருக்கு வழி உண்டு. 1 ஆண்டு படித்த வெல்டருக்கு, அவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், அந்தச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு வழி இல்லை.

சரி, ஃபிட்டராவது போவாரா? அனுபவச் சான்று எங்கே?

வல்லத்திலும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். ஒரே நிறச் சட்டை, ஒரே லைன், ஒரே வேலை. ஆனால் ஒருவர் நிரந்தரம், ஒருவர் டிரெய்னி, ஒருவர் காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் தோழரின் சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் இராது. ஆள் சப்ளை செய்பவர் பெயர் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சப்ளைக்காரர் மாறுவார். தோழர் அதே எந்திரத்தின் முன்தான் நிற்பார். ஐந்து ஆண்டு கழித்து அவரிடம் இருப்பது மூன்று பேர் பெயரில் சில சீட்டுகள். அவர் எந்த எந்திரத்தை ஓட்டினார், என்ன செய்தார் என்று ஒரு வரி எங்கும் இல்லை. டிரெய்னியின் நிலை இன்னும் வேடிக்கை: முழு வேலை பார்த்திருப்பார், காகிதம் அவரைக் 'கற்றுக்கொண்டிருந்தவர்' என்கிறது!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறிக்கு உதவும் சுரைக்காய் கொடி கொடியாகக் காய்த்துக் கிடக்கிறது. அதை ஏட்டில் எழுதத்தான் ஆளில்லை!

எழுதச் சட்டமே இல்லையா? உண்டு. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1971-ல் வந்த மத்திய விதிகளிலேயே, வேலை முடிந்து போகும் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் பணிச் சான்று தர வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை பேர் கையில் அது வந்து சேர்ந்தது? 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்ததாக டில்லி அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நாம் எதிர்க்க வேண்டியது எவ்வளவோ உண்டு. ஆனால் எதிரி வீட்டுத் தோட்டத்திலும் மூலிகை முளைக்கும். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்பின் 56-வது பிரிவைப் படியுங்கள்: ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால், அவர் செய்த வேலையின் விவரங்களோடு ஒப்பந்தக்காரர் அனுபவச் சான்று தர வேண்டும்.

'கேட்டால்' என்கிறது பிரிவு. கேட்காதவனுக்கு இல்லை! ஆகவே கேளுங்கள். தனியே போய்க் கேட்டால், "நாளைக்கு வா" என்பார்கள். நாளைக்குப் போனால், "உனக்கு வேலையே இல்லை" என்பார்கள். சங்கமாகக் கேளுங்கள். ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில், எந்த எந்திரத்தில், என்ன வேலை என்று விவரம் சொல்லும் சான்று ஆண்டுதோறும் வேண்டும். "திருப்திகரமாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியை வைத்து நியூரம்பர்க்கில் எவனும் எதையும் அளக்க முடியாது. டிரெய்னிகள், 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ்த் தாம் பதிவானவர்களா, முடிவில் தேர்வும் தேசியச் சான்றும் உண்டா என்பதை முதல் நாளே கேட்க வேண்டும்.

சர்க்கார்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. டில்லி செய்யும் உடன்பாடுகளில் பட்டதாரியின் பட்டம் மட்டுமின்றி, டிப்ளமாவும் ஐடிஐ சான்றும் தொழிலின் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். 1978 முதல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றைத் தமிழ்நாடு சர்க்காரே நடத்தி வருகிறது. கிண்டிக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போக முடியாதவர்களுக்காக அதன் சாளரம் ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் திறக்கட்டும். ஏஜெண்டின் சிரிப்பை நம்பிப் பணம் கட்டுபவன் அங்கே போய் உண்மையை அறியட்டும். காகிதம் இல்லாதவனை எந்திரத்தின் முன் நிறுத்தி, வேலையைச் செய்து காட்டச் சொல்லி மதிப்பிடும் முறை ஜெர்மன் சட்டத்திலேயே இருக்கிறது. வண்டியை மோதவிட்டும் ஓடவிட்டும் சோதித்துச் சான்று தர ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் எழுந்து நிற்கிறது. வண்டி செய்தவனின் கைத்திறனைச் சோதித்து, உலகம் மதிக்கும் சான்று தரும் கூடம் ஒன்று அதன் பக்கத்தில் எழுந்தால் நிலம் தாங்காதா?

"எல்லோரையும் கப்பலேற்றிவிட்டு இங்கே யார் வேலை பார்ப்பது?" என்று சிலர் கேட்கலாம். போ என்று நாம் யாரையும் விரட்டவில்லை. போக முடியும் என்ற நிலை இருக்க வேண்டும் என்கிறோம். வேறெங்கும் செல்லாத காகிதத்தோடு நிற்பவனை முதலாளி அறிவான்; "இவன் எங்கே போய்விடுவான்?" என்பது அவன் கணக்கு. உலகம் ஒப்புக்கொண்ட சான்று சட்டைப் பையில் இருப்பவன் ஒரகடத்தை விட்டு ஓரடி நகராவிட்டாலும், அவன் குரலுக்கு ஒரு கனம் வந்துவிடும். பயணச் சீட்டு வாங்காமலே அந்தக் காகிதம் அவனுக்குக் கூலி உயர்வு வாங்கித் தரும்.

தனக்கென ஓர் எண் பொறித்துத்தான் ஒவ்வொரு காரும் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. எந்த ஆண்டில், எந்த ஆலையில் செய்தது என்று அந்த எண்ணே சொல்லும். காருக்கு இருக்கும் அந்தப் பதிவு, அதைச் செய்தவனுக்கு இல்லை என்ற நிலை மாற வேண்டும். அடுத்த வாயிற்கூட்டத்தில் பேச எழும் தோழர் இதைப் பேசட்டும். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இது ஏறட்டும். எண் 56 — மறவாதீர்கள்!